கிளிப்பச்சைச் சுவர்

அத்தியாயம் 11

“தேதியப் பாருங்க! போட்டிருக்குதா இல்லியா? கண்ணு இருக்கறவங்க எல்லாரும் வந்து பாருங்க!”

“மொதல்ல அதக் கீழ எறக்குங்க. தெருவே பாக்குது.”

“பாக்கட்டும்! பாக்கணும்னுதான் கதவத் தொறந்து வச்சேன். எம் புள்ள கழுத்த நெரிச்சானாம். கொலகாரனாம். எங்க, இந்தக் கழுத்துல எங்க இருக்குது தழும்பு? உம் பொண்ணக் கூப்ட்டுக் காட்டச் சொல்லு!”

லாஸ்பேட்டை ஹேமலதா சட்டம் போட்ட படத்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். கமலவேணி அதைப் பிடித்து இறக்கப் பார்த்தாள். ஒரு பக்கம் மாமியார், ஒரு பக்கம் பெற்ற தாய். நடுவில் கண்ணாடிக்குள் செந்தமிழ்ச்செல்வியும் அவள் புருஷன் செம்மலும் அழகாகச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

தெரு பார்க்கத்தான் செய்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு முதலியார்பேட்டையில் கறி வாங்கி அடுப்பில் ஏற்றியாகிவிடும். அது வேகிற வரைக்கும் வேறு என்ன வேலை? எதிர்வீட்டு வேம்பு, ஏற்கெனவே காயப்போட்ட துணியை மறுபடி எடுத்து உதறி உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் செல்வி ஒற்றைப் பையோடு ஆட்டோவில் வந்து இறங்கியது போன வாரமே நமக்குத் தெரியும். “இனிமே அங்க போவமாட்டேன்” என்று ஒரு வரி சொல்லிவிட்டு உள்ளறையில் போய்ப் படுத்தாள். கேட்டவர்களுக்கெல்லாம் கமலவேணி, “காய்ச்சலு, ரெண்டு நாள் இருந்துட்டுப் போவா” என்றாள். காய்ச்சலுக்கு வருகிறவள் பத்தாம் வகுப்பு சர்ட்டிபிகேட்டை எடுத்துக்கொண்டா வருவாள்? பையின் வாயில் ஃபைல் துருத்திக்கொண்டிருந்ததை வேம்பு அன்றைக்கே பார்த்துவிட்டாள். வெள்ளிக்கிழமை அப்பாவிடம் செல்வி வாயைத் திறந்தாள். சனிக்கிழமை அது லாஸ்பேட்டைக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை லாஸ்பேட்டை இங்கே வந்துவிட்டது.

படத்தைப் பார்த்ததும் எழிலரசனுக்கு முதலில் என்ன தோன்றியது என்று சொன்னால் திட்டுவீர்கள். பிரிண்ட் நன்றாக வந்திருக்கிறதே என்றுதான் தோன்றியது.

அவன் எடுத்த படம். செல்வியின் தம்பி அவன், வயது இருபத்தாறு, கல்யாணத்துக்குப் படம் எடுக்கிறவன். எல்லைப்பிள்ளைச்சாவடியில் மூடிப்போன ஒரு ஸ்டுடியோவிலிருந்து இரண்டு ஸ்ட்ரோப் விளக்கை வாங்கிவந்து, பத்துக்குப் பன்னிரண்டு ஹாலில் நிறுத்திவைத்திருந்தான். கேமராவை அழுத்தினால் ‘பட்’டென்று ஒரு சத்தம். ஹால் முழுக்க ஒரு மின்னல். ஜன்னல் வழியாக அது தெருவுக்கும் வரும். ஆரம்பத்தில் வீட்டுக்குள்ளே வெல்டிங் பட்டறை வைத்துவிட்டான் என்று நினைத்துச் சண்டைக்குப் போனவர்களும் உண்டு. பிறகு அவர்களே ஆதார் அட்டையில் முகம் சரியில்லை என்று வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்கள்.

அந்த ஹாலில் ஒரே ஒரு தொல்லை சுவர். செல்வி கல்யாணத்துக்குக் கமலவேணி தேர்ந்தெடுத்த கிளிப்பச்சை. வெளிச்சம் பாய்ந்ததும் பச்சை சுவரிலிருந்து கிளம்பி உட்கார்ந்திருக்கிறவர் தோலில் ஏறிவிடும். தாடைக்குக் கீழே, கழுத்தில், காது மடலில். “வெள்ள அடிச்சிடலாம்மா” என்று இவன் எத்தனையோ தடவை கேட்டுப்பார்த்தான். “கல்யாணத்துக்கு அடிச்ச பெயிண்டு, தொடாத” என்று அவள் விடவில்லை. அதனால் எந்தப் படமானாலும் லேப்டாப்பில் ஏற்றியவுடன் முதல் வேலை கழுத்துப் பச்சையை அழிப்பது. யோசிக்கவே வேண்டாம், கை தானாகச் செய்யும்.

இந்த ஜோடிப் படம் மாசி மகம் முடிந்த மறுநாள் எடுத்தது. மூன்று மாதம் ஆகிறது. கீழ் மூலையில் ‘எழில் ஸ்டுடியோ’ என்ற பெயரும், போன் நம்பரும், தேதியும் இருந்தன. தேதி போடுவது இவனுடைய பழக்கம். அந்தத் தேதியைத்தான் ஹேமலதா இப்போது தெருவுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

“மகத்துக்கு முந்தின வாரம் கழுத்தப் பிடிச்சான்னு உம் பொண்ணுதான சொன்னா? இது மகத்துக்கு மறுநாள். அவ தம்பியே எடுத்தது. ஒரு கொசு கடிச்ச அடையாளமாவது இருக்குதா?”

நடுவில் போட்டிருந்த ஒரே கைவைத்த நாற்காலியில் கோவிந்தசாமி உட்கார்ந்திருந்தார். இந்தக் கல்யாணத்தை முடித்துவைத்தவர், இரண்டு பக்கத்துக்கும் மாமா முறை. அவர் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. அந்த மரியாதை பிள்ளை வரைக்கும் வந்துவிட்டதால் எந்த வீட்டுக்குப் போனாலும் அவருக்குக் கைவைத்த நாற்காலிதான்.

செம்மல் சுவரோரம் பிளாஸ்டிக் ஸ்டூலில் இருந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. ஏதோ ஓர் அரசு ஆபீஸில் கிளார்க். குரல் உயர்த்தியே பேசமாட்டான். அப்படிப்பட்டவனைத் தெருவுக்கு எப்போதும் பிடிக்கும்.

“விடும்மா, சண்ட எதுக்கு?” என்றான் அம்மாவிடம். “அவளுக்கு மனசு சரியில்ல. நான் கூட்டிட்டுப் போயி டாக்டர்கிட்ட காட்டிக்கிறேன்.”

கோவிந்தசாமி தொண்டையைச் செருமினார். “எழிலு, இங்க வா. படம் எடுத்தது நீதான?”

“ஆமா மாமா.”

“கிட்ட நின்னு எடுத்தியா, எட்ட நின்னு எடுத்தியா?”

“கிட்டதான்.”

“தழும்பு இருந்துச்சா?”

எழில் அப்பாவைப் பார்த்தான். அப்பா பெயர் அம்மாவாசை. மில்லில் முப்பது வருஷம் தறி ஓட்டி, மில்லும் போய், காதும் பாதி போய், இப்போது ஒரு அபார்ட்மெண்டில் வாட்ச்மேன். கேள்வி அவருக்குக் கேட்கவில்லை. எல்லோரும் மகனைப் பார்ப்பதைப் பார்த்து அவரும் பார்த்தார்.

“இருந்த மாதிரி... நான் பாக்கல மாமா.”

பொய் இல்லை. பொய் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

உள்ளறைக் கதவு திறந்தது. மூன்று நாளாக வெளியே வராத செல்வி நிலைப்படியில் நின்றாள். மாமியாரைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்க்கவில்லை. தம்பியை மட்டும் பார்த்தாள்.

“நீ பாக்கலியாடா?”

“சத்தியமா இல்லக்கா.”

அவள் தலையை ஆட்டினாள். கதவைச் சாத்திக்கொண்டு மறுபடியும் உள்ளே போய்விட்டாள்.

“முடிஞ்சுது,” என்று கோவிந்தசாமி இரண்டு கையையும் விரித்தார். “கூடப் பொறந்தவனே சொல்லிட்டான். வீணா நாலு பேர் வாயில விழாதீங்க. நாலரைக்கு ராகு காலம். அதுக்கு முன்ன பொண்ணக் கெளப்பிடுங்க. அம்மாவாச, கேட்டுதா? நாலரை!” நாலு விரலைக் காட்டி ஐந்தாவதைப் பாதி மடக்கினார்.

அம்மாவாசை தலையாட்டினார்.

அப்புறம் என்ன, சாப்பாடு. இதெல்லாம் நம் வீடுகளில் மட்டும்தான் நடக்கும். கொலைகாரன் என்ற பேச்சு கூரையில் தொங்கிக்கொண்டிருக்கிறது, கீழே வாழை இலை விரிகிறது. கமலவேணி மாப்பிள்ளை இலையில் நெஞ்செலும்புத் துண்டாகப் பொறுக்கி வைத்தாள். “இன்னும் கொஞ்சம் வச்சிக்கங்க மாப்ள.” ஹேமலதா குழம்பில் உப்பு கம்மி என்றாள்.

எழில் அக்காவுக்கு ஒரு தட்டில் சோறு போட்டான். தட்டோடு உள்ளறைக்குப் போனான்.

செல்வி பையை மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

“சாப்டுக்கா.”

“அவங்க சாப்டாச்சா?”

“சாப்புடறாங்க.”

“அம்மா அவுருக்கு நெஞ்செலும்பு வச்சாங்களா?”

அவன் தட்டை அவள் பக்கம் தள்ளினான். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

“வியாழக்கெழம பக்கத்து குவார்ட்டர்ஸ்காரரு கதவத் தட்னாரு. மோட்டார் போடலியான்னு கேக்க வந்தாரு. அதால இவுரு எங் கழுத்துலேர்ந்து கைய எடுத்தாரு. இல்லன்னா இன்னிக்கி நீ வேற படம் எடுத்துட்டு இருந்திருப்ப. மாலையெல்லாம் போட்டு.”

“அக்கா...”

“அன்னிக்கி நீ ஜோடிப் படம் எடுக்கலாம்னு சொன்னதும் நான் ஏன் ஒத்துக்கிட்டேன் தெரியுமா? எனக்குப் படம் புடிக்குமாடா? என்னிக்காவது உக்காந்திருக்கேனா? மொதல்ல நீ தனியா வா, லைட்டு சரி பாக்கணும்னு என்னத்தான் உக்கார வச்ச. ஞாபகம் இருக்குதா? நான் இன்னா சொன்னேன்?”

ஞாபகம் வந்தது. அப்போது வேடிக்கையாகக்கூட இருந்தது. ‘லைட்ட இன்னும் கிட்ட வைடா. கழுத்துல நல்லா வுழற மாதிரி வை.’ சொல்லிவிட்டு முகவாயைத் தூக்கி, வெளிச்சத்துப் பக்கம் கழுத்தைத் திருப்பிக்கொண்டாள். அக்காவுக்கு இதெல்லாம் தெரிகிறதே என்று இவன் சிரித்தான்.

“வாயால சொல்ல வரலடா எனக்கு. அவுரு வெளியில நிக்கறாரு. நீதான் மூஞ்சியில ஒரு பரு இருந்தாகூடப் பெருசு பண்ணிப் பாக்கறவனாச்சே. உங் கண்ணுல படாம போயிடுமான்னு நெனச்சேன்.” தட்டை நகர்த்தி வைத்தாள். “போ. அவங்க கை கழுவ தண்ணி எடுத்துக் குடு.”

எழில் ஹாலுக்கு வந்து விளக்குக் கம்பத்தைப் பிடித்தபடி நின்றான். கண் இடப்பக்கச் சுவரில் போய் நின்றது. கிளிப்பச்சை. பிறகு வலப்பக்கம் போனது.

அன்றைக்கு வலப்பக்கத்தில் கிளிப்பச்சை இல்லை.

அன்று காலையில்தான் பச்சைத் தொல்லைக்கு வழி கண்டுபிடித்த சந்தோஷத்தில் அப்பாவின் சபரிமலை வேட்டியை ஆணியில் மாட்டி வலப்பக்கச் சுவரை மறைத்திருந்தான். கறுப்பு வேட்டி. அதில் பட்ட வெளிச்சம் திரும்பி வராது. இருந்தது ஒரே வேட்டி, அதனால் மறைத்தது ஒரே சுவர். வேட்டிப் பக்கம் உட்கார்ந்தது செல்வி. சுவர்ப் பக்கம் செம்மல்.

சுவரின் பச்சை செம்மலின் கன்னத்தில்தான் ஏறியிருக்க வேண்டும். கறுப்பு வேட்டிக்குப் பக்கத்தில் இருந்தவள் கழுத்தில் பச்சை எங்கிருந்து வந்தது?

ஒரு வாரம் ஆன காயம் எந்த நிறத்தில் இருக்கும் என்று கிரிக்கெட் ஆடின எவனுக்கும் தெரியும். நீலம் போய் மஞ்சளும் பச்சையுமாக இருக்கும். அவனுக்கும் தெரியும். தெரிந்த கைதான் தேய்த்துத் தேய்த்து அழித்து, தேதி போட்டு, மினுக்கல் தாளில் பிரிண்ட் எடுத்து, அக்கா புருஷன் கையில் கொடுத்தது.

லேப்டாப்பைத் திறந்தான். அழிக்காத மூலப் படம் இருந்தால் போதும். இல்லை. படம் கொடுத்து முடித்ததும் மூலத்தைத் தூக்கிவிடுவான். இடம் அடைக்கிறதாம். அந்தக் கேமரா கார்டில் அப்புறம் ஏழு கல்யாணமும் ஒரு காதுகுத்தும் ஏறி இறங்கிவிட்டன. குப்பைத் தொட்டி, பழைய பென் டிரைவ் எல்லாவற்றையும் தோண்டினான். ஒன்றும் இல்லை. ஹாலில் கோவிந்தசாமி நாற்காலியிலேயே குறட்டை விட்டார். மணி மூன்று.

அப்போதுதான் அந்த வாட்ஸப் குரூப் நினைவுக்கு வந்தது. ‘புதுவை போட்டோ சொந்தங்கள்’. நூற்றுச் சொச்சம் போட்டோக்காரர்கள், ஒரு நாளைக்கு நாற்பது காலை வணக்கம். விளக்கைச் சரி பார்க்க எடுத்த முதல் படத்தை அன்று சுடச்சுட அதில் போட்டு யோசனை கேட்டிருந்தான். தேடும் கட்டத்தில் ‘பச்சை’ என்று போட்டான். பச்சைக்கிளி, பச்சைப்பயறு, பச்சையம்மன் கோயில் கும்பாபிஷேகம் எல்லாம் வந்தது. தள்ளிக்கொண்டே போனான்.

வந்தது.

செல்வி தனியாக. முகவாய் தூக்கி, கழுத்து திரும்பி. கண் மட்டும் நேராகக் கேமராவுக்குள் பார்க்கிறது. பவுடருக்கு அடியில், தாடைக்குக் கீழே, பச்சை மஞ்சளாக ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.

அதன் கீழே அவனே எழுதியது: ‘வீட்டு ஹால்ல ஸ்ட்ரோப் போட்டு எடுத்தது. கழுத்துல பச்ச ஏறுது. என்ன பண்லாம் சொந்தங்களே?’

ஒன்பது பேர் பதில் போட்டிருந்தார்கள். ‘சுவத்துக்கு வெள்ள அடி தலைவா.’ ‘தெர்மாகோல் வை.’ ‘பச்சய மட்டும் எறக்கிடு, ரெண்டு நிமிஷ வேல.’ ஒருவர் பொருத்தமே இல்லாமல் ரோஜாப்பூ போட்டிருந்தார்.

ஆறாவது பதில் சங்கவி என்ற பெண்ணுடையது. குருசுக்குப்பத்தில் கைக்குழந்தைகளைப் படம் எடுக்கிறவள். இவன் நேரில் பார்த்ததில்லை.

‘இது சுவரோட பச்சை இல்ல ப்ரோ. நாலு இடத்துல தனித்தனியா இருக்கு. விரல் மாதிரி இருக்கு. அவங்ககிட்ட கேளுங்க.’

அதற்குக் கீழே எழில் ஒரு கட்டைவிரல் போட்டிருந்தான். ஒன்பது பதிலுக்கும் வரிசையாகப் போட்டுக்கொண்டே போயிருக்கிறான். படித்தானா என்றால், இல்லை.

மணி மூன்றே முக்கால். ஹேமலதா முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு, “இன்னும் பொண்ணு ரெடியாகலியா?” என்று ஆரம்பித்துவிட்டாள். எழில் போனைக் கோவிந்தசாமியின் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“மாமா, இதப் பாருங்க. இது மொத படம். அழிக்கறதுக்கு முன்ன. நான்தான் அழிச்சேன். தெரியாம அழிச்சேன். நாலு வெரலு.”

கோவிந்தசாமி கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். பார்த்தார். போனைச் செம்மலிடம் கொடுத்தார். பார்த்துச் சொல்லட்டும் என்று நினைத்தாரோ என்னமோ.

செம்மல் பதறவில்லை. படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னான்.

“மாப்ள, நல்லா பண்ணியிருக்க. இத அழிச்சேன்னு நீயே சொல்ற. அழிக்கத் தெரிஞ்சவனுக்கு வரையத் தெரியாதா? ரெண்டு மணியிலேர்ந்து லேப்டாப்ப வச்சிகிட்டு உக்காந்திருந்தியே, எதுக்கு?”

சொல்லிவிட்டுப் போனை எழிலிடம் திருப்பிக் கொடுத்தான்.

“அதுவும் ஞாயந்தான்,” என்றார் கோவிந்தசாமி.

“குரூப்ல தேதி இருக்குது மாமா! மூணு மாசத்துக்கு முன்ன போட்டது! சங்கவின்னு ஒரு பொண்ணு எழுதியிருக்குதே, ‘விரல் மாதிரி இருக்கு, அவங்ககிட்ட கேளுங்க’ன்னு, படிங்க!”

“தேதி!” என்று ஹேமலதா கையைத் தட்டினாள். “தேதிய மாத்தறதுக்கு எவ்ளோ நேரம்?” காலையிலிருந்து தேதியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினவள் அவள்தான். அதை அவளுக்கு நினைவுபடுத்த ஆள் இல்லை.

அம்மாவாசை போனை வாங்கினார். தூரத்தில் வைத்துப் பார்த்தார், கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். “இது இன்னாது, அழுக்கா?” என்றார் தறிக்கூடத்துக் குரலில். அவர் மகளின் பையை எடுத்துக் கொடுக்க உள்ளறைப் பக்கம் திரும்பினார்.

“அழுக்கு இல்ல.”

கமலவேணி அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் இலை எடுத்துத் துடைத்த ஈரத் துணி.

“நாலு வெரலு. நான் எண்ணினேன். பவுடர் போட்டது நான்தான்.”

சன்னமாகத்தான் சொன்னாள். அருகில் இருந்தவர்களுக்குக் கேட்டது. எழிலுக்குக் கேட்டது. யாருக்குக் கேட்க வேண்டுமோ அவருக்குக் கேட்கவில்லை.

“இன்னா சொல்ற?” என்றார் அம்மாவாசை. “சத்தமா சொல்லு.”

மில்காரன் பெண்டாட்டிக்கு ரகசியம் என்று ஒன்று கிடையாது. எதுவானாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். முப்பது வருஷமாகப் பால் தீர்ந்துபோனதையும் சம்பளம் வராததையும் அப்படித்தான் சொல்லியிருக்கிறாள். இப்போது துணியைக் கீழே போட்டுவிட்டுப் புருஷன் காதுக்கு நேராகப் போய் நின்றாள்.

“பவுடர் போட்டது நான்தான்! மகத்துக்கு வந்தப்பவே பாத்தேன்! அவன் கையி! நாலு வெரலும் கழுத்துல இருந்துச்சி! நான்தான் பவுடர் போட்டு மறச்சேன்! மறச்சிட்டு அவன்கூட உக்கார வச்சேன்! போற எடத்துல அனுசரிச்சிப் போன்னு நான்தான் சொன்னேன்!”

திறந்து வைத்த கதவு திறந்தபடியே இருந்தது. எதிர்வீட்டில் துணி உதறுகிற சத்தம் நின்றது.

அம்மாவாசை இந்த முறை முழுசாகக் கேட்டுக்கொண்டார். மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. நேராகப் போய்க் கோவிந்தசாமியின் கைவைத்த நாற்காலியைப் பின்னாலிருந்து பிடித்தார்.

“எழுந்திருங்க மாமா. நாலரை ஆவப்போவுது.”

அவர்கள் போன வேகத்தைத் தெரு ரொம்ப நாள் பேசியது. செம்மல் செருப்பை மாட்டாமல் கையில் எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறினான். ஹேமலதா அந்த நிலையிலும் படத்தை மறக்கவில்லை. சட்டம் போட்ட காசு அவளுடையது.

பிறகு கமலவேணி மகள் கதவைத் தட்டினாள். “செல்வி, போயிட்டாங்க. வா, ஒரு வாய் சாப்புடு.”

செல்வி பையோடு வெளியே வந்தாள். தம்பியிடம் கையை நீட்டினாள்.

“யாருடா அந்தச் சங்கவி? நம்பர் குடு.”

“அக்கா, இது நம்ம வூடு. நீ எங்கயும் போவ வேணாம்.”

“கேட்டது அந்தப் பொண்ணு ஒருத்திதான்டா. என்ன நேர்ல பாத்தது கெடையாது, பேரு தெரியாது. அது கேட்டுது.”

அம்மாவைத் தாண்டும்போது ஒரு கணம் நின்றாள். ஏதாவது சொல்வாள் என்று கமலவேணி காத்திருந்தாள். செல்வி சேலைத் தலைப்பைக் கழுத்திலிருந்து இறக்கித் தோளில் சரியாகப் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான். ராகு காலம் பிறந்து பத்து நிமிஷம் ஆகியிருந்தது. அதைப் பற்றிக் கவலைப்பட்டது வேம்பு மட்டும்தான்.

அதற்கப்புறம் நடந்ததையும் சொல்லிவிடுவோம், நீங்கள் எப்படியும் கேட்பீர்கள்.

செல்வி குருசுக்குப்பத்தில் சங்கவியிடம் எட்டு மாதம் இருந்தாள். பிறந்த குழந்தைகள் வெளிச்சத்துக்கு மிரளாமல் இருக்க அவற்றின் கண்ணுக்கு நேரே கிலுகிலுப்பை ஆட்டுகிற வேலை. கோர்ட்டில் அவளும் செம்மலும் கையெழுத்துப் போட்டு, தாலியைக் கழற்றியாயிற்று. பிறகு காரைக்காலுக்குப் போனாள். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்காருகிறாள். இரண்டு பொங்கல் ஆகிவிட்டது, முதலியார்பேட்டைப் பக்கம் வரவில்லை. அப்பாவுக்கு மட்டும் போன் வரும். அவருக்குப் பாதி கேட்காது. ‘ஆங்... ஆங்...’ என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

எழிலுக்கும் சங்கவிக்கும் கல்யாணம் முடிந்துவிடும் என்று தெரு ரொம்ப ஆசைப்பட்டது. ஒன்றும் நடக்கவில்லை. அவள் தன் குப்பத்திலேயே அய்யப்பன் என்ற படகுக்காரனைக் கட்டிக்கொண்டாள். கல்யாணப் படம் எடுக்க இவனைக் கூப்பிடவில்லை.

ஹாலுக்கு அம்மாவாசை தன் கையாலேயே வெள்ளை அடித்தார். கமலவேணி தடுக்கவில்லை. மூன்று தடவை பூசியும் உள்ளே இருந்து லேசாகப் பச்சை தெரிகிறது. எழில் இப்போதெல்லாம் யார் வந்து உட்கார்ந்தாலும் முதலில் கழுத்தைக் கிட்டே வந்து கண்ணால் பார்க்கிறான். பெண்பிள்ளைகள் சங்கடப்படுகிறார்கள். வாடிக்கை பாதியாகக் குறைந்துவிட்டது.

போன புதன்கிழமை, தெரியாத நம்பரிலிருந்து அவனுக்கு ஒரு படம் வந்தது. அரியாங்குப்பத்துத் தரகர் வடிவேல் அனுப்பியது.

‘சார், மூலையில் உங்க நம்பர் இருந்துச்சு. மாப்பிள்ளை போட்டோ. தோளில் யாரோ கை இருக்கு. அதை அழிச்சு, தேதியையும் எடுத்துட்டு அனுப்புங்க. அவசரம்.’

செம்மல். அதே வெள்ளைச் சட்டை, அதே சிரிப்பு. ஜோடிப் படத்தில் பாதியை வெட்டி எடுத்திருக்கிறார்கள். அன்றைக்கு, ‘புருஷன் தோள்ல கைய வையக்கா, நல்லா இருக்கும்’ என்று இவன்தான் சொல்லியிருந்தான். வெட்டினவர்கள் கையை மணிக்கட்டோடு வெட்டியிருந்தார்கள். தோளில் மிச்சம் இருந்தது நாலு விரல்.

எழில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தான். பிறகு எழுதினான்: ‘பொண்ணு எந்த ஊரு?’

‘வீராம்பட்டினம். பேரு இனியா. அப்பா கிடையாது, அம்மா மீன் விக்குது. ஆடித் தேர் முடிஞ்சதும் ஆவணியில் முகூர்த்தம். ஏன் சார்?’